41 குறிப்புகள், இரண்டு வேர்கள்

கேள்வி: மதிப்பிற்குரிய அம்மா, நான் மலேசியாவின் செபராங் பிறையில் உள்ள ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். பகுதிநேர மாணவியாக ஆறு ஆண்டுகள் முயன்று, இப்பகுதித் தோட்டங்களில் வாழ்ந்த 22 மூதாட்டியரின் வாய்மொழி வரலாற்றை முனைவர் பட்ட ஆய்வேடாகத் தமிழில் எழுதி முடித்தேன். சென்ற மாதம் வாய்மொழித் தேர்வு நடந்தது. ‘பெருந்திருத்தங்களுடன் ஏற்பு, ஆறு மாத அவகாசம், மறுதேர்வு இல்லை’ என்பது முடிவு. அறிக்கையில் மொத்தம் 41 குறிப்புகள் உள்ளன. அகத்தேர்வாளர் இன்னும் பத்துப் பேரையாவது நேர்காண வேண்டும் என்கிறார். புறத்தேர்வாளரோ 22 பேரே அதிகம், ஆழம் போதவில்லை என்கிறார். மூதாட்டியரின் பேச்சை நான் திருத்தமான தமிழில் எழுதியதையும் அவர் குறை சொல்லியிருக்கிறார். மேற்பார்வையாளர் “பார்த்துச் செய்யுங்கள்” என்று சொன்னதோடு சரி. கணவர் வீட்டார் என்னை ‘டாக்டர்’ என்று அழைக்கத் தொடங்கிவிட்டார்கள். யாரிடமும் சொல்ல முடியாமல், மூன்று வாரங்களாக அறிக்கையைத் திறக்காமலே வைத்திருக்கிறேன். விலகிவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. நான் நேர்கண்டவர்களில் 87 வயதுப் பாட்டி ஒருவர், “எங்கதை எப்பம்மா பொஸ்தகமா வரும்?” என்று பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார். அறிக்கையின் படியை இணைத்துள்ளேன். நான் என்ன செய்ய வேண்டும்?
– ஓர் ஆசிரியை, பினாங்கு

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் மூன்று வாரங்களாகத் திறக்காத அறிக்கையை நான் இரண்டு முறை படித்துவிட்டேன். கோலாலம்பூரில் ஆய்வு மாணவர்களுக்கு மேற்பார்வையாளராகவும் தேர்வாளராகவும் பல ஆண்டுகள் இருந்தவள் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்கிறேன். இது உங்களைத் தோல்வியுறச் செய்ய எழுதப்பட்ட அறிக்கை அன்று. ஆய்வேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை உண்மையிலேயே படித்த இருவர், அது இன்னும் நன்றாக இருந்திருக்கலாமே என்ற ஆதங்கத்தோடு எழுதியது. படிக்காத தேர்வாளர் நான்கு வரியில் முடித்துவிடுவார். 41 குறிப்புகள் எழுத ஒருவர் உங்கள் ஆய்வேட்டோடு பல நாள்கள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

முடிவின் பெயரே உங்களை அச்சுறுத்துகிறது என்று நினைக்கிறேன். நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் வாய்மொழித் தேர்வின் முடிவுகளைப் பொதுவாகச் சில படிகளாக வகுத்திருக்கிறார்கள். திருத்தமின்றி ஏற்பது, சிறு திருத்தங்களோடு ஏற்பது, பெருந்திருத்தங்களோடு ஏற்பது, ஆய்வேட்டை மீண்டும் எழுதி மறுபடியும் தேர்வுக்கு வரச் சொல்வது, முனைவர் பட்டத்துக்குப் பதிலாக முதுகலைப் பட்டம் வழங்குவது, நிராகரிப்பது என்று அந்தப் படிகள் இறங்கும். பெயர்களும் கால அவகாசமும் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும் என்பதால் உங்கள் பல்கலைக்கழகத்தின் பட்டமேற்படிப்பு விதிகளை ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் ‘ஏற்பு’ என்ற சொல்லும் ‘மறுதேர்வு இல்லை’ என்ற தொடரும் தெளிவாக இருக்கின்றன. நீங்கள் மீண்டும் அந்த அறையில் உட்கார்ந்து விடை சொல்ல வேண்டியதில்லை. எழுத்தில் விடை சொன்னால் போதும். கையில் இப்படி ஒரு முடிவை வைத்துக்கொண்டு விலகுவது, கரை கண்ணுக்குத் தெரியும்போது துடுப்பைக் கீழே வைப்பதற்கு ஒப்பாகும். அதை நான் ஏற்க மாட்டேன்.

திறக்காமல் வைத்திருப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் ஆய்வேடும் பெருந்திருத்தங்களோடுதான் திரும்பி வந்தது. அறிக்கையை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு இரண்டு மாதங்கள் அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன். பிறகு எடுத்துப் படித்தபோது, நான் அஞ்சிய அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. அஞ்சியதில் போன இரண்டு மாதங்கள்தான் திரும்பி வரவில்லை. கடைசி அத்தியாயத்தை நான் விரும்பியபடி எழுத நேரம் இல்லாமல் போனது இன்றும் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. உங்களுக்கு மூன்று வாரங்கள்தான் போயிருக்கின்றன.

இனி வேலைக்கு வருவோம். பெரும்பாலான மாணவர்கள் முதல் குறிப்பில் தொடங்கி வரிசையாகத் திருத்திக்கொண்டே போகிறார்கள். முதல் வாரம் எழுத்துப்பிழை, இரண்டாம் வாரம் மேற்கோள் வடிவம் என்று உற்சாகமாக நகர்ந்து, நான்காம் மாதத்தில் ‘ஆய்வு வினாவை மறுசீரமைக்கவும்’ என்ற குறிப்பில் முட்டி நிற்கிறார்கள். அதைத் திருத்தினால் முன்பு திருத்திய பக்கங்களே மாறிவிடும் என்பது அப்போதுதான் தெரிகிறது. ஆகவே வரிசையை மறந்துவிடுங்கள். உங்கள் 41 குறிப்புகளையும் நான் பிரித்துப் பார்த்தேன். எழுத்துப்பிழை, பக்க எண், அட்டவணைத் தலைப்பு, நூற்பட்டியல் வடிவம் ஆகியவை பற்றியவை 14. இவற்றைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். வரலாற்றுத் தகவல் பற்றியவை இரண்டு. மீதியுள்ள 25இல் 16 குறிப்புகள் ஆய்வு வினாவிலிருந்து கிளைத்தவை. ஒன்பது குறிப்புகள் மூதாட்டியரின் பேச்சை நீங்கள் எழுத்தாக்கிய முறையிலிருந்து கிளைத்தவை. உண்மையில் உங்களுக்கு இருப்பது இரண்டு வேலைகள்தாம்.

முதல் வேரைப் பார்ப்போம். ‘செபராங் பிறைத் தோட்டப் பெண்களின் வாழ்வியல் எவ்வாறு இருந்தது?’ என்பது உங்கள் ஆய்வு வினா. இந்த வினா செபராங் பிறையின் எல்லாத் தோட்டங்களையும், எல்லாப் பெண்களையும், வாழ்வின் எல்லாப் பக்கங்களையும் தன் கைக்குள் கொண்டுவர முயல்கிறது. அகத்தேர்வாளர் இதைப் படித்துவிட்டு, இவ்வளவு பெரிய கூற்றுக்கு 22 பேர் போதாது என்கிறார். புறத்தேர்வாளர் அதே வினாவைப் படித்துவிட்டு, 22 பேரிடம் எல்லாவற்றையும் கேட்டதால் எதையும் ஆழமாகப் பேச முடியவில்லை என்கிறார். இருவரும் எதிரெதிராகப் பேசுவதாக நீங்கள் கலங்குகிறீர்கள். ஆனால் வினாவுக்கும் சான்றுக்கும் இடையில் உள்ள ஒரே இடைவெளியைத்தான் இருவரும் இரண்டு கரைகளில் நின்று காட்டுகிறார்கள். வினாவைச் சுருக்கிவிட்டால் இருவரின் குறையும் ஒருசேரத் தீரும். உங்கள் நான்காம் அத்தியாயத்தில் மிக உயிரோட்டமான பகுதி, தோட்டத்தை விட்டு வெளியேறி அடுக்குமாடி வீடுகளுக்கு வந்த பிறகு இம்மூதாட்டியர் தங்கள் உழைப்பை நினைவுகூரும் பகுதியே. ‘தோட்டம் விட்டு வெளியேறிய பெண்கள், தோட்டத்தில் தாங்கள் செய்த உழைப்பை இன்று எவ்வாறு நினைவுகூர்கின்றனர்?’ என்று கேட்டால், அதற்கு 22 பேர் தாராளமாகப் போதும். புதிய நேர்காணல் எதுவும் தேவைப்படாது.

வினா மாறினால் அதைத் தொட்டு நிற்பவை எல்லாம் மாறும். நோக்கங்கள், ஆய்வு எல்லை, இரண்டாம் அத்தியாயத்தில் முன்னாய்வுகளை அடுக்கியிருக்கும் விதம், முடிவுரை, ஏன் தலைப்பேகூட அதற்கேற்ப அசையும். ‘இரண்டாம் அத்தியாயத்தில் விரிவாகப் பேசிய கோட்பாடு நான்காம் அத்தியாயத்தில் எங்கே போயிற்று?’ என்று புறத்தேர்வாளர் கேட்டிருக்கிறாரே, அதற்கும் இங்கேதான் விடை இருக்கிறது. கூட்டு நினைவு, அதாவது ஒரு சமூகம் சேர்ந்து தன் கடந்த காலத்தை நினைவில் வைத்திருப்பது, பற்றி நீங்கள் இருபது பக்கங்கள் எழுதியிருந்தும், பழைய வினா நினைவைப் பற்றிக் கேட்கவே இல்லை. அதனால் பகுப்பாய்வில் அந்தக் கோட்பாட்டுக்கு வேலை இல்லாமல் போனது. புதிய வினா அதை உள்ளே அழைத்துவரும்.

எண்ணிக்கையைப் பொறுத்தவரை, ‘22 பேர் போதும்’ என்று எழுதினால் மட்டும் தேர்வாளர் ஒப்புக்கொள்ள மாட்டார். எப்படிப் போதும் என்று காட்ட வேண்டும். ஒருவர் மற்றொருவரை அறிமுகப்படுத்த, அவர் இன்னொருவரைக் காட்ட, பனிப்பந்து முறையில்தான் இவர்களை நீங்கள் சென்றடைந்தீர்கள் என்பது உங்கள் பின்னிணைப்பிலிருந்து தெரிகிறது. அதை மூன்றாம் அத்தியாயத்தில் வெளிப்படையாக எழுதுங்கள். அந்த முறையின் குறைபாட்டையும், அதாவது ஒரே கோயில் வட்டத்தைச் சேர்ந்தவர்கள் மிகுந்துவிட்டதையும், மறைக்காமல் ஒப்புக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் களக்குறிப்பேட்டை எடுத்து, எத்தனையாவது நேர்காணலுக்குப் பிறகு புதிய கருப்பொருள் எதுவும் வரவில்லை என்று பாருங்கள். பதினேழிலோ பதினெட்டிலோ அது நின்றிருந்தால், அதுவே ஆய்வுலகம் தரவு நிறைவு என்று சொல்லும் நிலை. நேர்காணல் எண்ணையும் அதில் முதன்முதலாக எழுந்த கருப்பொருளையும் காட்டும் ஒரு சிறிய அட்டவணை, பத்துப் புதிய நேர்காணல்களைவிட அகத்தேர்வாளரை நிறைவு செய்யும். நிற்கவில்லை என்று தெரிந்தால் அதையும் மறைக்காமல் எழுதி, கூற்றின் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வேர்தான் எனக்கு நெஞ்சுக்கு நெருக்கமானது. உங்கள் ஆய்வேட்டில் ஒரு மூதாட்டி, “அதிகாலையில் வருகைப் பதிவுக்குச் சென்று, பின்னர் பால்மரங்களைச் சீவச் செல்வோம், குழந்தைகளைக் குழந்தைகள் காப்பகத்தில் விட்டுச் செல்வோம்” என்று சொல்வதாக இருக்கிறது. எந்தத் தோட்டத்துப் பாட்டி இப்படிப் பேசுவார்? அவர் பெரட்டு என்றுதான் சொல்லியிருப்பார். பால் வெட்டப் போனோம் என்றும், பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டோம் என்றும் சொல்லியிருப்பார். லயம் (வரிசை வீடுகள்), கங்காணி (ஆள் சேர்த்து மேற்பார்த்தவர்), கிராணி (தோட்ட எழுத்தர்), மங்கு (பால் சேரும் கிண்ணம்), தீம்பார் (ரப்பர் மரங்கள் நிற்கும் பகுதி) ஆகிய சொற்கள் உங்கள் ஒலிப்பதிவில் கட்டாயம் இருக்கும். ஆய்வேட்டில் ஒன்றுகூட இல்லை. நீங்கள் தமிழாசிரியை, வகுப்பில் பிழை திருத்தும் கை, இங்கேயும் தன்னையறியாமல் திருத்திவிட்டது. அவர்களுக்கு மரியாதை செய்யும் எண்ணத்தில்தான் அப்படிச் செய்தீர்கள் என்பதை நான் உணர்கிறேன். ஆயினும் பெரட்டுக்களம் என்பது வருகைப் பதிவு மட்டும் நடந்த இடமன்று. இருட்டில் வரிசையாக நின்று, பெயர் சொல்லிக் கூப்பிடப்படும்வரை காத்திருந்து, தாமதித்து வந்தால் அன்றைய வேலையே இல்லை என்று திருப்பி அனுப்பப்படக்கூடிய அச்சமும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. சொல்லை மாற்றியபோது அந்த அச்சமும் ஆய்வேட்டிலிருந்து வெளியேறிவிட்டது. உழைப்பின் நினைவைப் பற்றிய ஆய்வில் அது சிறிய இழப்பன்று. பேச்சைத் திருத்தியதைக் குறை சொல்லும் புறத்தேர்வாளரின் 23ஆம் குறிப்பு அறிக்கையிலேயே மிகச் சிறந்த குறிப்பு என்று நான் கருதுவது இதனால்தான்.

22 ஒலிப்பதிவுகளையும் மீண்டும் கேட்டு முழுதாக எழுத வேண்டுமோ என்று நீங்கள் மலைத்திருப்பீர்கள். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க நான்கு மணி நேரத்துக்கும் மேல் ஆகும் என்பது இவ்வேலை செய்தவர்களுக்குத் தெரியும். ஆனால் தேர்வாளர் கேட்பது அதை அன்று. ஆய்வேட்டின் உடலில் நீங்கள் மேற்கோளாகக் காட்டியிருப்பவை 64 பகுதிகள். அவற்றை மட்டும் ஒலிப்பதிவில் தேடிக் கேட்டு, பேசியபடியே எழுதுங்கள். ஒன்றுக்கு இருபது நிமிடம் என்று வைத்தாலும் ஏறக்குறைய 21 மணி நேரம்தான் ஆகும். நான்கு சனிக்கிழமைகளில் முடிந்துவிடும். தோட்ட வழக்குச் சொற்களுக்கு ஒரு சொல்லடைவைப் பின்னிணைப்பாகச் சேருங்கள். எழுத்தாக்கத்தில் நீங்கள் பின்பற்றிய விதிகளை, எதை அப்படியே விட்டீர்கள், எங்கே நிறுத்தக்குறி இட்டீர்கள் என்பதை, மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு பக்கத்துக்கு விளக்குங்கள். உங்கள் சொந்த விளக்கங்களும் பகுப்பாய்வும் இப்போது இருப்பதுபோலவே செம்மையான தமிழில் இருக்கட்டும். இரண்டு நடைகளும் அருகருகே நிற்கும்போதுதான் யார் பேசுகிறார், யார் ஆராய்கிறார் என்பது படிப்பவருக்கு விளங்கும்.

வரலாற்றுத் தகவல் பற்றிய இரண்டு குறிப்புகளும் சரியானவை. மூதாட்டியரின் பெற்றோரை நீங்கள் ‘ஒப்பந்தக் கூலிகள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். செபராங் பிறையில் 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் கொண்டுவரப்பட்டது உண்மை. ஆனால் மலாயாவில் அந்த முறை 1910இல் முடிவுக்கு வந்துவிட்டது. அதன் பிறகு ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் கங்காணி வழியாகவோ குடியேற்ற நிதி செலவை ஏற்ற உதவிப்பயணத்திலோ வந்தவர்கள். 1938இல் இந்திய அரசு தடை விதித்தபோது அதுவும் நின்றது. இன்று 87 வயதாகும் ஒருவரின் பெற்றோர் 1920களிலோ 1930களிலோ வந்திருந்தால், அவர்களை அப்படி அழைக்க இயலாது. பாட்டி தம் வாயால் “எங்கப்பா ஒப்பந்தத்துல வந்தவரு” என்று சொல்லியிருந்தால் மேற்கோளில் அதை மாற்றாதீர்கள். சட்டப்படி அம்முறை ஒழிந்த பின் வந்தவர்களின் மகளும் அச்சொல்லால் தன் குடும்பத்தை நினைவுகூர்கிறார் என்பதே உங்கள் புதிய வினாவுக்கு ஓர் அரிய சான்று. பள்ளி விடுமுறையில் ஒரு வேலைநாளைத் தேர்ந்து கோலாலம்பூருக்கு வாருங்கள். பட்டர்வொர்த்திலிருந்து ஈடிஎஸ் ரயிலில் ஏறக்குறைய நான்கு மணி நேரம்தான். தேசிய ஆவணக் காப்பகத்திலும் மலாயாப் பல்கலைக்கழக நூலகத்திலும் அக்காலத் தொழிலாளர் துறை ஆண்டறிக்கைகளை முன்கூட்டியே கேட்டு வைத்துப் பார்த்துவிட்டால், இந்த இரண்டு குறிப்புகளும் தீர்ந்தன.

எல்லாக் குறிப்புக்கும் பணிய வேண்டும் என்பதில்லை. தாலாட்டும் ஒப்பாரியும் பற்றிய ஐந்தாம் அத்தியாயத்தை நீக்கிவிடலாம் என்று அகத்தேர்வாளர் கருதுகிறார். நான் உடன்படவில்லை, நீங்களும் உடன்பட வேண்டாம். வேலை முடிந்து வந்து பாடிய பாட்டில்தான் வேலையைப் பற்றிய முறையீடு இருக்கிறது. ஆனால் உடன்படாததை எழுதும் முறை ஒன்று உண்டு. திருத்த அட்டவணையில் அக்குறிப்புக்கு எதிரே, “தேர்வாளரின் கருத்துக்கு நன்றி. மறுசீரமைத்த ஆய்வு வினாவுக்கு இவ்வத்தியாயம் நேரடிச் சான்று தருவதால் இது தக்கவைக்கப்பட்டுள்ளது, அத்தொடர்பு முன்பு தெளிவாக இல்லாததால், அதை விளக்கும் இரண்டு பக்கங்கள் தொடக்கத்தில் சேர்க்கப்பட்டுள்ளன” என்பதுபோல் எழுதுங்கள். மறுக்கும் இடத்திலும் எதையேனும் மேம்படுத்தியிருக்க வேண்டும். அந்த அட்டவணையை இன்றே தொடங்கிவிடுங்கள். தேர்வாளரின் குறிப்பு சொல் மாறாமல் ஒரு கட்டத்திலும், நீங்கள் செய்தது அடுத்த கட்டத்திலும், பழைய பக்கமும் புதிய பக்கமும் அதற்கடுத்தும் வரட்டும். திருத்தங்களைச் சரிபார்ப்பவர் முதலில் கையில் எடுப்பது அந்த அட்டவணையைத்தான்.

தேர்வாளர்களுக்கு நீங்கள் நேரடியாக எழுதாதீர்கள். ஐயம் இருந்தால் மேற்பார்வையாளர் வழியாகத் தேர்வுக் குழுத் தலைவரிடம் எழுத்தில் கேட்பதே முறை. தனித்தனி அறிக்கைகள் முரண்படும் இடத்தில் குழுவின் ஒருங்கிணைந்த அறிக்கை என்ன சொல்கிறது என்று பாருங்கள். மேற்பார்வையாளரின் மௌனத்தைப் புறக்கணிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். “என்ன செய்வது டாக்டர்?” என்று வெறுங்கையோடு கேட்கும் மாணவருக்குப் பதில் சொல்வது எளிதன்று. புதிய வினாவையும், இரண்டு வேர்களையும், மாதவாரித் திட்டத்தையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு போய், “இந்த வினாவுக்கு உங்கள் ஒப்புதல் வேண்டும் டாக்டர்” என்று கேளுங்கள். வேறு எதையும் தொடுவதற்கு முன் அந்த ஒப்புதலைப் பெற்றுவிட வேண்டும்.

முதல் மாதம் வினாவுக்கும் முதல் அத்தியாயத்துக்கும், இரண்டாம் மாதம் மேற்கோள்களுக்கும் மூன்றாம் அத்தியாயத்துக்கும், அடுத்த இரண்டு மாதங்கள் பகுப்பாய்வுக்கும், ஐந்தாம் மாதம் முடிவுரைக்கும் சிறு பிழைகளுக்கும் போதும். ஆறாம் மாதம் மேற்பார்வையாளர் படிப்பதற்கு உரியது. அதை நீங்கள் எடுத்துக்கொள்ளாதீர்கள். மலாயிலும் ஆங்கிலத்திலும் உள்ள ஆய்வுச்சுருக்கங்களைப் பலர் மாற்ற மறந்து, உள்ளே ஒரு வினாவும் சுருக்கத்தில் வேறு வினாவுமாக ஒப்படைத்துவிடுகிறார்கள். பிறர் எழுத்தோடு உள்ள ஒப்புமையைக் கண்டறியும் மென்பொருளான டர்னிட்டினின் அறிக்கையும் புதிதாகத் தேவைப்படலாம். நான்காம் மாத முடிவில் பகுப்பாய்வு பாதியில் நின்றால், கால நீட்டிப்புக்கு அப்போதே விண்ணப்பியுங்கள். கெடு முடிந்த பிறகு கேட்பது கடினம்.

வீட்டாரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். ‘ஆய்வேடு ஏற்கப்பட்டது, ஆறு மாதத் திருத்தம் இருக்கிறது, சனிக்கிழமைகளில் எனக்கு வீட்டு வேலையில் துணை வேண்டும்’ என்ற மூன்றும் உண்மையே. மூன்றாவதைச் சொல்லாமல் மற்ற இரண்டை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

பாட்டியின் கேள்விக்கு வருகிறேன். உங்கள் ஆய்வு அறநெறி ஒப்புதல் மறுசந்திப்புக்கு இடம் தருகிறதா என்று பார்த்துக்கொண்டு, அவர் பேசியபடியே நீங்கள் எழுதிய பகுதிகளை எடுத்துக்கொண்டு இரண்டாம் மாதத்தில் அவர் வீட்டுக்குப் போங்கள். பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் படித்துக் காட்டுங்கள். “இது நான் சொன்னதுதான்” என்பாரா, “இல்லம்மா, அப்படி இல்ல” என்று திருத்துவாரா என்பதை, அவர் இசைந்தால், ஒலிப்பதிவு செய்யுங்கள். ஆய்வு முறையில் இதற்குப் பங்கேற்பாளர் சரிபார்ப்பு என்று பெயர். அறிக்கையின் 17ஆம் குறிப்பு கேட்பதும் இதைத்தான். போன தேதியையும் அவர் திருத்திய சொற்களையும் மூன்றாம் அத்தியாயத்தில் சேர்த்துவிடுங்கள்.